விசா பத்து வருஷம்... தங்க ஆறு மாசம்!



திருச்சி உறையூரில் வசிக்கும் இல்லத்தரசி நான். வயது 61. பல வருடங்களாக இந்தப் பகுதியைத் தவறாமல் படித்து வருகிறேன். பிடித்த கடிதங்களைக் கத்தரித்துப் பழைய டைரியில் ஒட்டி வைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால், நானாக எழுதியது இல்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் கவனக்குறைவால் எனக்கும் என் மகளுக்கும் நேர்ந்த கஷ்டம், இன்னொரு தாய்க்கும் மகளுக்கும் நேரக் கூடாது என்பதுதான்.

எனக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்தவள். மாப்பிள்ளையும் அதே துறை. இருவரும் அமெரிக்காவில், டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். 2019ல் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விசிட்டர் விசா எடுத்துக் கொடுத்தார்கள். 'பி-2' என்று சொல்வார்கள். சென்னைக்கு நேர்காணலுக்குப் போனோம். இரண்டு மூன்று கேள்விதான், முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது, விசாவில் 2029 வரை என்று போட்டிருந்தது. "இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பத்து வருஷம்தான் பிறகு என் காலை வாரிவிட்டது.

நடுவில் கொரோனா வந்ததால் போக முடியவில்லை. 2021 கடைசியில் மகள் உண்டாகியிருந்தாள். என் மாமியாருக்கு 86 வயது, படுத்த படுக்கை. அதனால், அவர் இங்கே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது, நான் மட்டும் போவது என்று முடிவானது. 2022 ஜனவரி 9ம் தேதி டல்லாஸில் இறங்கினேன். விமான நிலையத்தில் அதிகாரி, யாரைப் பார்க்க வந்தீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "டாட்டர்... பேபி..." என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, பேனாவால் ஏதோ ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அது என்ன தேதி என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அவர் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

பிப்ரவரியில் பேத்தி பிறந்தாள். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், தொட்டில் என்று நாட்கள் ஓடின. மே மாதம் மகளுக்கு லீவு முடிந்தது. குழந்தைகள் காப்பகத்தில் ஆகஸ்ட் நடுவில்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அதுவரைக்கும் இரும்மா. விசாதான் 2029 வரைக்கும் இருக்கே..."

எனக்கும் அந்தப் பிஞ்சை விட்டு வர மனசில்லை. 'சரி' என்றேன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். விமான கம்பெனிக்காரர்களும் பணம் வாங்கிக்கொண்டு தேதியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பார்ப்பது டிக்கெட்டை மட்டும்தானே!

இங்கிருந்து போனில் என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் கேட்டார்: "ஆறு மாசம்தான் இருக்கலாம்னு யாரோ சொன்னாங்களே, ஏழாவது மாசம் ஆகப்போகுதே?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "உங்களுக்குச் சமைச்சுப் போட ஆள் இல்லேன்னுதானே கேக்கறீங்க?" என்று சிடுசிடுத்தேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17ம் தேதி ஊருக்குக் கிளம்பினேன். நம் ஊரில் போகும்போதும் வரும்போதும் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துவார் இல்லையா? அமெரிக்க விமான நிலையத்தில் கிளம்பும்போது அப்படி முத்திரை குத்துவதில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. 'கேட்கவில்லை என்றால் தப்பில்லை' என்று நினைத்துக்கொண்டேன். விமான கம்பெனி கொடுக்கும் பயணிகள் விவரத்தை வைத்து, யார் எந்தத் தேதியில் வெளியே போனார் என்பது அரசாங்கக் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பாதி வழியில் திரும்பிய பயணம்

2024ல் மகள் மறுபடி உண்டானாள். இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வயதுப் பேத்தியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மார்ச் மாதம் அவசரமாகக் கிளம்பினேன். சுக்கு, ஓமம், பருப்புப்பொடி, பிரசவ லேகியம், தொட்டில் கட்ட என் பழைய நூல் சேலை இரண்டு... எல்லாம் பெட்டியில்.

நடுவில் ஒரு வளைகுடா நகரத்தில் விமானம் மாற வேண்டும். அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே சோதனை செய்கிறார்கள். கைரேகை வைத்தேன். அதிகாரி திரையைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். வேறு அறைக்கு அழைத்துப் போனார்கள். தமிழ் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து, அவர் மூலமாகப் பேசினார்கள்.

"2022ல் உங்களுக்கு ஜூலை 8 வரைதான் தங்க அனுமதி. ஆகஸ்ட் 17 அன்றுதான் போயிருக்கிறீர்கள். 40 நாள் கூடுதலாக இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கே இந்த விசா செல்லாததாகிவிட்டது. இதை வைத்து உள்ளே வர முடியாது."

மகள் படுக்கையில் இருக்கிறாள் என்று சொன்னேன். அழுதேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால், விசாவின் மேல் ரத்து முத்திரை குத்தி, அடுத்த விமானத்தில் சென்னைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியைத் திறக்காமலே திரும்பக் கொண்டு வந்தேன். சென்னைக்கு வந்து காத்திருந்த என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருச்சி பஸ்ஸில் ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஏப்ரலில் ஆபரேஷன் செய்து பேரனை எடுத்தார்கள். அதே குடியிருப்பில் இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு பத்தியச் சாப்பாடு கொடுத்தனுப்பின. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனாலும், பெற்றவள் நான் இங்கே உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போனில் அழுதாள். "உன் பாஸ்போர்ட்டை நான் பார்த்திருக்கணும்மா."

மாப்பிள்ளை, "இல்ல அத்தை, என் தப்பு" என்றார். நடந்தது இதுதான். மகள் பார்த்திருப்பாள் என்று மாப்பிள்ளை நினைத்திருக்கிறார். அவர் பார்த்திருப்பார் என்று மகள் நினைத்திருக்கிறாள். இருவரும் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். தங்கள் 'ஹெச்-1பி' விசாவுக்கு எந்தத் தேதியில் என்ன தாள் போட வேண்டும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். வேலை போனால் வேறு வழி தேடிக்கொள்ள 60 நாள்தான் என்ற பயத்திலேயே வாழ்கிறவர்கள். அம்மாவின் தேதி மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

நான் மகளிடம் சொன்னேன்: "உன்னைச் சொல்லி என்னம்மா பிரயோஜனம்? என் பாஸ்போர்ட்டை நான்தானே பார்த்திருக்கணும்?"

தெரிந்துகொண்ட விஷயங்கள்

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விசாவில் இருக்கும் வருஷம் வேறு. தங்கும் நாள் வேறு. கல்யாணப் பத்திரிகையைப் போல வைத்துக்கொள்ளுங்களேன். பத்திரிகை இருந்தால் மண்டப வாசலுக்குப் போகலாம். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பத்து வருஷ விசா என்றால், பத்து வருஷத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து வாசலில் நிற்கலாம் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை, இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். பி-2 விசாவுக்குப் பெரும்பாலும் 6 மாதம் கொடுக்கிறார்கள். குறைத்தும் கொடுக்கலாம்.

அந்தக் கணக்குக்கு 'ஐ-94' என்று பெயர். முன்பெல்லாம் சின்னத் தாளாகப் பாஸ்போர்ட்டில் செருகிக் கொடுப்பார்களாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு 2013 முதல் அது கம்ப்யூட்டர் பதிவாகிவிட்டது. பாஸ்போர்ட் நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் தங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். இறங்கிய மறுநாளே பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி, ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக இருக்க வேண்டிய அவசியம் வந்தால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே 'ஐ-539' என்ற விண்ணப்பம் போட வேண்டும். 45 நாளாவது முன்னால் போடச் சொல்கிறார்கள். காரணம் சொல்ல வேண்டும், செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும், ஊர் திரும்பப் போகிறோம் என்றும் காட்ட வேண்டும். கட்டாயம் கிடைக்கும் என்பதில்லை. ஆனால், கேட்கும் வழி இருந்தது. மே மாதம் மகள் 'இரும்மா' என்று சொன்ன அன்றே அதைப் போட்டிருக்கலாம். இரண்டு மாதம் கையில் இருந்தது.

போடாமல் தங்கினால் என்ன ஆகும்? ஒரு நாள் கூடினாலும் அந்த விசா செல்லாது. சொந்த நாட்டுக்கு வந்து புதிதாகத்தான் எடுக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் சட்டத்துக்கு மாறாக இருந்துவிட்டுக் கிளம்பினால், 3 வருடம் உள்ளே போக முடியாது. ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் 10 வருடம். 1996ல் வந்த சட்டம் இது. என் 40 நாள் அந்தத் தடை வரை போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இன்னொரு விஷயம். டல்லாஸில் இருந்தபோது, என் கைமுறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்த ஒரு பெண், "ஆன்ட்டி, எங்களுக்கும் செஞ்சு குடுங்க, டாலர் குடுக்கறேன்" என்றாள். இன்னொருத்தி, "என் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க, சம்பளம் தர்றேன்" என்றாள். மாப்பிள்ளை வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நல்லவேளை! விசிட்டர் விசாவில் காசு வாங்கிக்கொண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது. முறுக்குச் சுற்றி விற்பதும், மாவு அரைத்துக் கொடுப்பதும் வேலைதான்.

"மகளோடு நிரந்தரமாகவே இருந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தன் கணவனை அல்லது மனைவியை, 21 வயதுக்குள் உள்ள கல்யாணமாகாத பிள்ளைகளைத்தான் கூட வைத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மாவுக்கு அதில் இடம் கிடையாது. கிரீன் கார்டு வாங்கினாலும் பெற்றோருக்கு மனுப் போட முடியாது. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோதான் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டு மனுப் போடலாம்.

எங்கள் தெருவின் பாஸ்போர்ட்டுகள்

எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில்தான். ஒரு வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, என் கதையைச் சொன்னேன். 'என்னோடதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க' என்று ஒவ்வொருவராகப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்காவின் மகன் கனடாவில், டொரன்டோவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு இருக்கிறான். அங்கே பெற்றோருக்கும் தாத்தா, பாட்டிக்கும் 'சூப்பர் விசா' என்று ஒன்று 2011 முதல் இருக்கிறது. முதலில் ஒரு முறைக்கு 2 வருடம் தங்கலாம் என்று இருந்ததை, 2022 ஜூலையில் 5 வருடமாக ஆக்கினார்கள். பத்து வருடம் வரை போய் வரலாம். அதற்கு மகனோ மகளோ குறிப்பிட்ட அளவு வருமானம் காட்டி, 'செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கடிதம் கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருடத்துக்காவது மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சாதாரண விசிட்டர் விசாவில் போனால் அங்கேயும் பொதுவாக 6 மாதம்தான். அக்கா கையில் இருப்பது எது என்று அவருக்கே தெரியவில்லை. பார்த்தால், சாதாரண விசா! "நான் சூப்பர் விசான்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்" என்று திகைத்துப் போனார். அன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

நான்காவது வீட்டு டீச்சரம்மாவின் மகள் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் குடியுரிமை வாங்கியிருக்கிறாள். அங்கே 2019ல் பெற்றோருக்கு '870' என்ற நம்பரில் ஒரு தற்காலிக விசா கொண்டு வந்தார்கள். 3 வருடமோ 5 வருடமோ கேட்கலாம். மொத்தம் 10 வருடத்துக்கு மேல் போகாது. முதலில் பிள்ளை 'ஸ்பான்சர்' என்று ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலரில் இருக்கிறது. வேலை பார்க்கக் கூடாது.

கடைசி வீட்டுத் தம்பதியின் மகன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். அங்கே வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோரை நீண்ட நாள் தங்கும் பாஸில் வைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அந்தப் பாஸ் மகனுடைய வேலையோடு கட்டிப் போட்டது. அவன் வேலை போனால் பெற்றோரின் பாஸும் போய்விடும்.

லண்டனில் மகன் இருக்கும் பெரியம்மாவிடம் பத்து வருட விசிட்டர் விசா இருக்கிறது. அங்கேயும் என் கதைதான். விசா பத்து வருஷமானாலும், ஒரு முறை போனால் 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கிரீன் கார்டு வாங்கிய ஒருவரும் எங்கள் தெருவில் உண்டு. 'கார்டு இருக்கு, எப்ப வேணா போகலாம்' என்று, வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கேயே இருப்பார். அது அங்கே வாழ்கிறவர்களுக்கான அட்டை. ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டால், அந்தக் கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டும் என்றால், அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அது 2 வருடம் வரை கொடுக்கப்படும். 65 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க மருத்துவக் காப்பீடு உடனே கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே வேலை பார்த்துக் கணக்கில் சேராத பெற்றோர், தொடர்ந்து 5 வருடம் வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும்.

மறைக்கச் சொன்னவர்

மகளையும் பேரனையும் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். அப்போது ஒரு ஏஜென்ட், "பழைய பாஸ்போர்ட் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிப் புதுசா எடுத்துடுங்கம்மா. கூடுதலா தங்கினதை எழுத வேணாம்" என்றார். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் வந்தது உண்மை. என் வீட்டுக்காரர்தான், "கைரேகையைத் தொலைக்க முடியுமா?" என்று கேட்டார். பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தது தெரிந்தால், ஆயுளுக்கும் தடை வரலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த ஏஜென்டுக்கு என்ன நஷ்டம்? அவர் பீஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கையெழுத்துப் போடுவது நாம்தானே!

விண்ணப்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. 2024 அக்டோபரில் போனேன். அதிகாரி கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். விசா கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். அழவில்லை. தப்பு செய்தவள், கேட்டவுடன் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

பேரனுக்கும் நாள் கணக்கு

நான் போக முடியாததால், அந்த டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். 14ம் தேதி விடியற்காலை. எட்டு மாதப் பேரனை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். பெட்டியில் கிடந்த பழைய நூல் சேலையை எடுத்துக் கூடத்து விட்டத்தில் தொட்டில் கட்டினோம்.

நாலு வாரத்தில் அவர்கள் திரும்ப வேண்டும். அங்கே காப்பகச் செலவு, இரண்டு குழந்தைகள், இரண்டு பேருக்கும் வேலை. ஒரு நாள் ராத்திரி மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, தம்பிப் பயலைக் கொஞ்ச நாள் உன்கிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால், வாயைத் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவன் பாஸ்போர்ட் எங்கே? எடுத்துட்டு வா."

நம் வீட்டுக் கூடத்தில், நம் சேலைத் தொட்டிலில் தூங்கினாலும், சட்டப்படி அவன் அமெரிக்காக்காரன். அங்கே பிறந்ததால் அந்த நாட்டுப் பிரஜை. நம் நாட்டில் அவன் அயல்நாட்டவன்! பேத்திக்கு ஏற்கெனவே 'ஓ.சி.ஐ.' அட்டை எடுத்திருந்தார்கள். இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் கொடுக்கப்படும் அட்டை அது. அதை வைத்திருப்பவர்கள் ஆயுள் முழுக்க வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி விசாத் தொல்லை இல்லை. பேரனுக்கு அது இன்னும் வரவில்லை. அவசரத்தில் சுற்றுலா விசாவில் அழைத்து வந்திருந்தார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள், ஒரு முறை வந்தால் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

அன்று ராத்திரியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். டிசம்பர் 14 முதல் 180 நாள் என்றால், ஜூன் 11. புது வருஷத்துத் தினசரி காலண்டரில் ஜூன் 11 தாளைத் தேடி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஒரு மாதம் முன்னால், மே 11லும் ஒரு வட்டம் போட்டேன்.

அவன் என்னிடம் தவழ்ந்தான். பிடித்துக்கொண்டு நின்றான். முதல் பல் முளைத்தது. என்னைப் பார்த்துத்தான் 'ம்மா' என்றான். மே 11 வந்தபோது மாப்பிள்ளைக்குப் போன் செய்து, டிக்கெட்டை நினைவுபடுத்தினேன். "ஜூன் 10க்குப் போடட்டுமா அத்தை? கூட மூணு வாரம் உங்ககூட இருப்பானே" என்று அவர் ஆசையாகத்தான் கேட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? விமானம் ரத்தானால்? கடைசி நாள் வரை கொண்டு போக வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையே வந்து மே 20ம் தேதி அழைத்துப் போனார். காலண்டரில் இன்னும் 22 நாள் பாக்கி இருந்தது.

அந்த 22 நாளையும் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று தொட்டிலை அவிழ்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால், 2022ல் எனக்காக நான் எடுத்துக்கொண்ட 40 நாள் என்ன விலை கேட்டது என்று எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, பிள்ளைகளிடம் போகும்போது இதை மட்டும் மறக்காதீர்கள்:

1. பாஸ்போர்ட்டை மாப்பிள்ளையிடமோ மருமகளிடமோ கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பத்திரத்துக்கு அவர்களே வைத்திருந்தாலும், உங்கள் தேதி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2. விசா முடியும் தேதி, தங்கும் அனுமதி முடியும் தேதி இரண்டையும் தனித்தனியாக எழுதி, சமையலறையில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

3. கூடுதலாக இருக்க வேண்டும் என்றால், நாள் முடிவதற்கு முன்பே நேர்வழியில் விண்ணப்பியுங்கள்.

4. மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று கேட்டு எடுங்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் அது முழுதாகச் சேராது.

5. அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைக்கச் சொல்கிற ஏஜென்டிடம் போகாதீர்கள்.

6. விதிகள் அடிக்கடி மாறும். நான் எழுதியதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் அந்தந்த நாட்டு அரசாங்க அறிவிப்பில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பால் கணக்கு, கேஸ் புக் செய்த தேதி, சீட்டுக் கட்ட வேண்டிய நாள், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டிய மாதம் என்று இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள்தான் நாம். நம் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒரு தேதியை மட்டும் எதற்காக மற்றவர்கள் தலையில் விட்டுவைக்க வேண்டும்?

மறுபடி விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். கிடைத்தால் போவேன். எத்தனை நாள் கொடுத்தாலும், அதில் ஒரு வாரம் மிச்சம் வைத்துத் திரும்பி வருவேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
உறையூர், திருச்சி.